சீலிங்கில் உலோக விளக்கு மாட்டும்போது எர்த் கொடுக்கும் முறை

ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் எர்த் இருக்கிறதா என்று கேட்டு வாங்குபவர்கள்கூட சீலிங் விளக்குக்கு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தலைக்கு மேலே இருக்கிறது, யார் தொடப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் ஒட்டடை அடிக்கவும் பல்பு மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஏறுபவர் அலுமினிய ஏணியில்தான் நிற்கிறார். ஒரு கை ஏணியில், மறு கை விளக்கின் உலோகத்தில். அந்த உலோகத்தில் மின்சாரம் இறங்கியிருந்தால் ஷாக் ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நெஞ்சு வழியாகப் போகும். ஷாக் சிறியதாக இருந்தாலும் ஏணியிலிருந்து விழுவது சிறியதல்ல.

வீட்டில் எர்த் குழி சரியாக இருக்கும், டி.பி. பெட்டியில் (வீட்டின் சுற்றுகள் எல்லாம் பிரியும் பெட்டி) எர்த் வயர்கள் எல்லாம் சேரும் எர்த் பார் இருக்கும், சீலிங் பெட்டி வரை பச்சை வயரும் வந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் கடைசி அரை அடியில்தான், அதாவது பெட்டியிலிருந்து விளக்கின் உடம்பு வரை உள்ள தூரத்தில்தான், பெரும்பாலான வீடுகளில் எர்த் அறுந்துபோகிறது. விளக்கில் இரண்டு வயர் போட்டால் எரிந்துவிடுகிறது. மூன்றாவது வயர் மடக்கி உள்ளே தள்ளப்படுகிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த அரை அடியைப் பற்றியது.

எந்த விளக்குக்கு எர்த் வேண்டும்

வாங்கும்போதே விளக்கின் பின்புறத்தைப் பாருங்கள். மேலிருந்து ஒரு நேர்கோடு இறங்கி, அதன் கீழே படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று படுக்கைக் கோடுகள் இருந்தால் அது எர்த் முனை. இப்படி முனையோ பச்சை-மஞ்சள் வயரோ உள்ள விளக்கு முதல் வகுப்பு. எர்த் கொடுத்தால் மட்டுமே அது பாதுகாப்பானது. சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் இரண்டாம் வகுப்பு, இரட்டைக் காப்பு உள்ளது. இதற்கு எர்த் தேவையில்லை. நீங்களாக ஓட்டை போட்டு எர்த் ஸ்க்ரூ வைக்கவும் கூடாது. ஓட்டை போடும்போது அந்த இரண்டாவது காப்பைத்தான் உடைக்கிறீர்கள். தனி டிரைவரிலிருந்து, அதாவது மெயின் மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கருவியிலிருந்து, 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடுபவை மூன்றாம் வகுப்பு. அவற்றின் உடம்புக்கு எர்த் வேண்டாம். டிரைவர் பெட்டி உலோகமாக இருந்தால் அதற்கு வேண்டும்.

சிக்கல் இந்த மூன்றிலும் சேராதவற்றில். உலோக உடம்பு, இரண்டே வயர், எந்தக் குறியும் இல்லை. விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் டிரைவர், மெயின் மின்சாரத்தையும் எல்.இ.டி. பக்கத்தையும் பிரிப்பதே இல்லை. எல்.இ.டி. பதித்த அலுமினியத் தகட்டுக்கும் மெயின் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய காப்புப் படலம்தான். வருடக்கணக்கில் சூடேறி ஆறி அது வெடித்தால் விளக்கின் உடம்பு முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். அப்படிப்பட்ட விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

பழைய தகர ட்யூப்லைட் பட்டியை எல்.இ.டி. ட்யூபுக்கு மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும். சோக்கைக் கழற்றும்போது சோக்கோடு சேர்ந்திருந்த எர்த் வயரையும் வெட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. பட்டி தகரம்தான், உள்ளே ஓடுவது 230 வோல்ட்தான். எர்த் அப்படியே தொடர வேண்டும்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துவது

சுவிட்சை அணைத்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும். அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும். மெயினை அணைத்தாலும் போதாது. நம் வீடுகளில் இன்வெர்ட்டரில் கொடுக்கப்படுவதே விளக்கும் ஃபேனும்தான். மெயினை அணைத்த அடுத்த நொடி இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டு அதே வயரில் 230 வோல்ட்டை அனுப்பும். இன்வெர்ட்டரை முன்பக்க சுவிட்சில் அணைத்தால்கூட பைபாஸில் மெயின் மின்சாரம் உள்ளே போகும் மாடல்கள் உண்டு. எனவே இன்வெர்ட்டரையும் மெயினையும் இரண்டையும் அணையுங்கள். பிறகு பெட்டியில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்று ஜோடியையும் மல்டிமீட்டரில் பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்று அணைப்பதற்கு முன்பு ஒருமுறை, பார்த்து முடித்த பின்பு மின்சாரம் உள்ள வேறொரு இடத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

நியான் டெஸ்டரை மட்டும் நம்பி கை வைக்க வேண்டாம். பக்கத்து வயரின் தூண்டலிலேயே அது மங்கலாக எரியும். ரப்பர் செருப்போடு மர ஏணியில் நிற்பவருக்கு, பகல் வெளிச்சத்தில், உண்மையான ஃபேஸில்கூட எரிவது தெரியாமல் போகலாம்.

பெட்டிக்குள் வந்திருப்பது உண்மையான எர்த்தா

சீலிங் ரோஸைக் கழற்றிப் பாருங்கள். பச்சை வயர் தெரியாவிட்டால் பைப்பின் வாய்க்குள் விரல் விட்டுத் தேடுங்கள்; சுருட்டித் தள்ளியிருப்பார்கள். பச்சை வயர் கிடைத்துவிட்டால் மட்டும் அது எர்த் ஆகிவிடாது. வயர் போதாத நாளில் பச்சையையே சுவிட்சிலிருந்து வரும் ஃபேஸுக்கு எடுத்திருப்பதும், போர்டு வரை வந்து அங்கே எதிலும் சேராமல் தொங்குவதும் அடிக்கடி காணக்கூடியவை.

ஃபேஸுக்கும் பச்சைக்கும் நடுவே மீட்டர் வைத்து 230 வோல்ட் காட்டுகிறது, எனவே எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்வது மிகப் பரவலான தவறு. டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. ஆயிரம் ஓம் எதிர்ப்புள்ள துருப்பிடித்த இணைப்பின் வழியாகவும் அது 230 காட்டும். பழைய ஆட்கள் செய்வதுபோல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பு போட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். எர்த் வழியில் எங்காவது அறுந்திருந்தால், அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் உள்ள எல்லா உலோக உடம்புகளிலும் பல்பின் இழை வழியாக ஃபேஸ் ஏறும். அந்த நேரத்தில் வீட்டில் யாரோ ஃப்ரிட்ஜைத் திறக்கலாம்.

சரியான வழி, மின்சாரம் இல்லாதபோது எதிர்ப்பை அளப்பது. டி.பி. பெட்டியின் எர்த் பாரிலிருந்து ஒரு நீள வயரை அறைவரை இழுத்து வாருங்கள். முதலில் அந்த நீள வயரின் இரு முனைகளுக்கும் நடுவே மீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முனையை எர்த் பாரில் மாட்டி, மறு முனைக்கும் பெட்டியிலுள்ள பச்சைக்கும் நடுவே அளந்து, குறித்ததைக் கழியுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 20 மீட்டருக்குச் சுமார் கால் ஓம்தான் காட்டும். மீதி 1 ஓமுக்குக் கீழே இருந்தால் வழி சரி. 3, 4 ஓம் என்றால் எங்கோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. எண் ஆடிக்கொண்டே இருந்தாலும் அதே நோய்தான். அந்த ஜாயின்ட் பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்குள்ளேயே கிடைக்கும்.

எர்த் வயரே வரவில்லை என்றால்

பழைய வீடுகளில் விளக்குப் பாயின்டுக்கு இரண்டு வயர் மட்டுமே இழுத்திருப்பார்கள். பைப் அடைபடாமல் இருந்தால், பழைய வயரில் ஒன்றின் நுனியில் புதிய மூன்று வயர்களையும் கட்டி இழுத்துவிடலாம். பச்சையை மட்டும் தனியாக நுழைக்கப் பார்ப்பதைவிட இது எளிது, காப்பும் உரியாது. பைப்பில் வயர் இழுக்கும் ஸ்பிரிங் போகவில்லை என்றால் சுவரோரம் கேசிங் பட்டியில் எர்த்தைக் கொண்டுவரலாம். எர்த்தைத் தனி வயராக ஓட்டினால் அளவை ஏற்ற வேண்டும்: பைப்பிலோ பட்டியிலோ பாதுகாப்பாக ஓடினால் 2.5 சதுர மி.மீ., வெறுமனே ஓடினால் 4 சதுர மி.மீ. ஃபேஸ், நியூட்ரலோடு ஒரே பைப்பில் வந்தால் ஃபேஸ் வயரின் அளவே போதும். விளக்குச் சுற்றுக்கு 1.5.

இரண்டும் முடியாவிட்டால் உலோக விளக்கு ஆசையை விட்டுவிட்டு இரண்டாம் வகுப்பு விளக்கை மாட்டுங்கள். அது தோல்வியல்ல, சரியான தீர்வு.

செய்யவே கூடாதவை மூன்று. எர்த் இல்லை என்பதற்காக விளக்கின் உடம்பை நியூட்ரலோடு இணைப்பது முதலாவது. விளக்கு எரியும், ஷாக் வராது, எல்லாம் சரி என்று தோன்றும். என்றாவது ஒருநாள் நியூட்ரல் அறுந்தால், பல்பு வழியாக வரும் ஃபேஸ் நேராக உடம்பில் வந்து நிற்கும். இரண்டாவது, தண்ணீர்க் குழாயில் எர்த் எடுப்பது. பாதிக் குழாய் இப்போது பி.வி.சி.; மீதி இருக்கும் இரும்புத் துண்டில் ஃபேஸ் ஏறினால் பாத்ரூம் குழாயில் ஷாக் வரும். மூன்றாவது, ஃபேன் கொக்கியையே எர்த்தாக நினைப்பது. கொக்கி கான்கிரீட்டின் கம்பியோடு கட்டப்பட்டிருக்கும், ஆனால் அந்தக் கம்பி எர்த் பாரோடு இணைக்கப்பட்டதில்லை. மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் ஷாக் அடிப்பதாகச் சொல்லப்படும் வீடுகளில், இப்படிக் கொக்கி வழியாகக் கம்பிக்கு இறங்கிய கசிவையும் ஒரு காரணமாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

இணைப்பு: கடைசி அரை அடி

சீலிங்கில் உலோகம் ஒன்றல்ல, மூன்று: பெட்டி உலோகமாக இருந்தால் பெட்டி, அதில் ஸ்க்ரூ போடும் பட்டை, பிறகு விளக்கின் உடம்பு. மூன்றும் ஒரே எர்த்தில் இருக்க வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை. 1.5 சதுர மி.மீ. பச்சை அல்லது பச்சை-மஞ்சள் வயர் அரை மீட்டர், 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கான ரிங் லக் (வயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) இரண்டு அல்லது மூன்று, பல்லுள்ள ஸ்டார் வாஷர் அதே எண்ணிக்கை, வயர்களைச் சேர்க்க மூன்று அல்லது ஐந்து வழி லீவர் கனெக்டர் ஒன்று, லக் நசுக்கும் கிரிம்பிங் பிளேயர், கொஞ்சம் உப்புத்தாள்.

வரும் எர்த், அடுத்த பாயின்டுக்குப் போகும் எர்த், பெட்டிக்கு ஒரு வால் (சிறு வயர்த் துண்டு), விளக்குக்கு ஒரு வால் என நான்கையும் ஒரே கனெக்டரில் சேருங்கள். வரும் எர்த்தை விளக்கின் முனையில் மாட்டி, அதே முனையிலிருந்து அடுத்த விளக்குக்கு எடுக்கும் பழக்கம் கெடுதல். நாளை இந்த விளக்கைக் கழற்றினால் அடுத்த அறை விளக்குகள் எல்லாம் எர்த் இழக்கும், யாருக்கும் தெரியாது. கனெக்டரில் சேர்த்து வால் எடுத்தால் எந்த விளக்கைக் கழற்றினாலும் வழி அறாது.

வயரின் காப்பைக் கனெக்டரில் குறித்துள்ள அளவுக்கு மட்டும், வழக்கமாக 10 அல்லது 11 மி.மீ., உரியுங்கள். கத்தியால் சுற்றி அறுக்கும்போது இழைகள் சில வெட்டுப்படும். அங்கேதான் பின்னால் ஒடியும். ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். இழை வயரின் நுனிக்கு ஈயம் பூசி ஸ்க்ரூ முனையில் இறுக்குவதும் வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகரும். சில மாதங்களில் ஸ்க்ரூ தானாகத் தளர்ந்துவிடும்.

அடுத்தது பெயின்ட். விளக்கின் உடம்பில் பவுடர் கோட்டிங் இருக்கும், பித்தளைக்கு மேல் நிறமற்ற வார்னிஷ் இருக்கும். இரண்டும் நல்ல காப்பு. எர்த் ஸ்க்ரூவை அதன்மேல் இறுக்கினால் பார்வைக்கு எர்த் உண்டு, மீட்டருக்கு இல்லை. லக் உட்காரும் இடத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, லக், ஸ்டார் வாஷர், நட் என்ற வரிசையில் இறுக்குங்கள். ஸ்டார் வாஷரின் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதால் அதிர்விலும் தளராது. தேய்த்த ஓரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க, இறுக்கிய பிறகு கொஞ்சம் பெயின்ட் தொட்டு வையுங்கள். கடலோர ஊர்களில் இதைத் தவறவிட்டால் இரண்டே வருடத்தில் இணைப்பு பச்சை பூத்துவிடும். விளக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூவையே எர்த்துக்கும் பயன்படுத்தாதீர்கள். விளக்கைச் சற்றே திருப்பி வைக்க யாரோ அதைத் தளர்த்தினாலே எர்த் போய்விடும்.

எர்த் வாலை ஃபேஸ், நியூட்ரலைவிட 5 செ.மீ. நீளமாக விடுங்கள். கொக்கி விட்டு விளக்கு கீழே வந்தால் முதலில் பிய்த்துக்கொள்வது ஃபேஸாகவும், கடைசியில் பிய்வது எர்த்தாகவும் இருக்க வேண்டும். மாட்டும்போது எர்த் முதலில், கழற்றும்போது எர்த் கடைசியில். ஈ27 திருகு ஹோல்டர் என்றால் ஃபேஸ் நடுப்புள்ளிக்கும் நியூட்ரல் திருகு ஓட்டுக்கும் போக வேண்டும். மாறினால் பல்பைத் திருகும் கைக்கு ஃபேஸ் எட்டும்.

சரவிளக்கு

சரவிளக்கில் எர்த் கொடுத்த இடம் மேலே உள்ள கிண்ணம். ஆட்கள் தொடும் இடம் கீழே உள்ள கைகள். நடுவே இருப்பது சங்கிலி. சங்கிலியின் வளையங்கள் ஒன்றையொன்று ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன, அதுவும் முலாமின்மேல், தூசியின்மேல். அதை எர்த் வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். சங்கிலியோடு பின்னி வரும் வயர் மூன்று கோர் உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டு கோர் மட்டும் வந்திருந்தால் வயரையே மாற்றுங்கள். மூன்றாவது கோர் நடு உருளைக்குள் உள்ள எர்த் ஸ்க்ரூவில் முடிய வேண்டும்.

கைகள் நடு உருளையில் திருகு மரையால் மாட்டப்பட்டிருக்கும். மாட்டி முடித்த பிறகு ஒவ்வொரு கையின் நுனியிலும், ஹோல்டருக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வார்னிஷைக் கொஞ்சம் சுரண்டி, உருளைவரை அளந்து பாருங்கள். எட்டுக் கைகளில் ஏழு நன்றாக இருந்து ஒன்று மட்டும் தொடர்பே இல்லாமல் இருக்கும். அந்தக் கையை மறுபடி கழற்றி, மரையைத் துடைத்து, வாஷரோடு இறுக்க வேண்டும். கைக்குள் வளைவில் வயரின் காப்பு உரசி உரிவதே சரவிளக்கில் அதிகம் நடக்கும் பழுது. எனவே இந்த ஒவ்வொரு கை சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங்

ஜிப்சம் பலகையின் மேலே இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. வயரை அப்படியே சட்டங்களின்மேல் படுக்க வைத்துவிட்டு, பலகையைக் கீழிருந்து ஸ்க்ரூ அடித்தால் ஏதோ ஒரு ஸ்க்ரூ வயரைத் துளைக்கும். சட்டம் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். அதில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு டவுன்லைட்டின் வளையமும் கூடவே. வயர்கள் எல்லாம் வளையும் பைப்புக்குள் போக வேண்டும், பைப் சட்டத்திலிருந்து தள்ளிக் கட்டப்பட வேண்டும். இதற்கு மேல் காப்பாக, சட்டத்தில் ஒரு இடத்தில் 2.5 சதுர மி.மீ. எர்த் வயரை லக்கோடு இணைத்து எர்த் பாருக்குக் கொண்டுபோவது நல்லது. பலகை மூடும்முன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை அளந்து பாருங்கள். சட்டங்கள் ஸ்க்ரூவால் இணைந்திருந்தால் வழி தொடரும், வெறுமனே செருகியிருந்தால் தொடராது. சட்டத்துக்குக் கொடுத்த எர்த் விளக்குகளுக்குக் கொடுத்ததாகாது. முதல் வகுப்பு விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வால் வேண்டும்.

எர்த் மட்டும் போதாது

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது வீட்டுக்கென்று தோண்டிய குழிதான். இதன் கணக்கைப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் புரியும். குழியின் எதிர்ப்பு 5 ஓம், டிரான்ஸ்பார்மர் நியூட்ரல் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் உடம்பில் ஃபேஸ் தொட்டால் ஓடும் மின்சாரம் 230 வகுத்தல் 7, சுமார் 33 ஆம்ப். மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யில், 10 ஆம்ப் ‘சி’ வகை உடனே விழ 50 முதல் 100 ஆம்ப் வேண்டும். 33 ஆம்ப்புக்கு அது சூடேறி விழப் பல நொடிகள் ஆகும். அதுவரை விளக்கின் உடம்பில் 165 வோல்ட் நிற்கும். கோடையில் குழி காய்ந்து 20 ஓம் ஆனால் ஓடுவது பத்தரை ஆம்ப்தான். எம்.சி.பி. விழவே விழாது; 200 வோல்ட்டுக்கு மேல் உடம்பிலேயே இருக்கும், எர்த் கொடுத்த மற்றப் பொருள்களிலும்.

இதனால்தான் எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் கருவியான 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எர்த் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது. கசிவு 30 மில்லி ஆம்ப்பைத் தொட்டால் 0.3 நொடிக்குள், 150-ஐத் தொட்டால் 0.04 நொடிக்குள் அது துண்டித்தாக வேண்டும். காய்ந்த குழியிலும் பத்து ஆம்ப் ஓடுவதால் ஆர்.சி.சி.பி.க்குச் சிரமமே இல்லை. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கிறது, எர்த் வயரை அல்ல. எர்த்தே இல்லாத வீட்டிலும் பொத்தான் அழுத்தினால் விழும்.

மாட்டிய பிறகு என்ன தகராறு வரும்

விளக்கைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது, டெஸ்டர் மங்கலாக எரிகிறது, ஆனால் எதுவும் விழவில்லை என்றால் எர்த் வந்து சேரவில்லை. எல்.இ.டி. டிரைவருக்குள் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவற்றின் நடுவே உடம்பு 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்சாரம் மிகக் குறைவு என்பதால் இது தன்னளவில் ஆபத்தல்ல. ஆனால் முதல் வகுப்பு விளக்கு எர்த் இல்லாமல் தொங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி இல்லை. உடம்பிலிருந்து எர்த் பார்வரை மறுபடி அளந்து பாருங்கள். அநேகமாகப் பெயின்ட்டின்மேல் உட்கார்ந்த லக்தான் காரணமாக இருக்கும்.

எர்த் கொடுத்த பிறகே ஆர்.சி.சி.பி. விழத் தொடங்கினால், எர்த்தைக் கழற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று போய்விடாதீர்கள். அதுவரை மறைந்திருந்த பழுது இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அந்த விளக்கின் சுவிட்சைப் போட்ட நொடியே விழுந்தால் ஃபேஸ் உடம்பைத் தொடுகிறது, அல்லது எர்த்தும் நியூட்ரலும் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன. விளக்கு அணைந்திருக்கும்போதும், அயர்ன் பாக்ஸோ மோட்டாரோ போடும் வேளையில் விழுந்தால் நியூட்ரல் உடம்பைத் தொடுகிறது. சுவிட்ச் ஃபேஸை மட்டுமே வெட்டுவதால் நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும். எப்போதாவது, எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுந்தால் கசிவுகளைக் கூட்டிப் பாருங்கள். டிரைவர் ஒன்றுக்கு அரை மில்லி ஆம்ப் என்றாலும் 20 விளக்குக்குப் பத்து ஆகிறது. 30 மில்லி ஆம்ப் கருவி 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். மாடி விளக்குகளைத் தனி ஆர்.சி.சி.பி.யில் பிரித்துவிட்டால் நின்றுவிடும்.

உடம்பைத் தொடும் வயரைத் தேட, மின்சாரத்தை நிறுத்தி, விளக்கின் ஃபேஸையும் நியூட்ரலையும் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டையும் ஒன்றாக முறுக்கி, அதற்கும் உடம்புக்கும் நடுவே காப்பின் எதிர்ப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் அளக்க வேண்டும். ஒன்றாக முறுக்குவது டிரைவர் எரியாமல் இருப்பதற்காக. 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் டிரைவரைத் தனியே கழற்றி மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பழுது டிரைவரில். ஏறாவிட்டால் கிண்ணத்தின் விளிம்பில் நசுங்கிய வயரில். பட்டையையும் கிண்ணத்தையும் சேர்த்து இறுக்கும்போது நடுவே மாட்டிக்கொண்ட வயர் அங்கேதான் இருக்கும்.